பத்தொன்பதாம் நம்பர் ராஜாத்தி

ஆறு வருஷமாக நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். என்னைக் கேட்டுச் சேர்க்கவில்லை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு, மீசை இருக்கிறது, எர்ணாவூரில் ஆட்டோ ஓட்டுகிறேன், படித்தது அஞ்சாவது. அந்த அஞ்சாவதும் ஆம்பளைப் பசங்களோடு படித்தது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. யாரும் காதில் வாங்கவில்லை.

ராயபுரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் எண்பதாம் வருஷம் பத்தாவது படித்தவர்கள் இருபத்திரண்டு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அறுபது ஆகிவிட்டது. அதில் இருபத்தோரு பேர் அவரவர் போனில் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நம்பர் ராஜாத்தி மட்டும் என் போனில் இருக்கிறார்.

போன் என்னுடையது, மாதாமாதம் காசு போடுவது நான். ஆனால் அதில் என் படம் இருக்கக் கூடாது. முதல் வாரமே, "யாரு அது மீசையோட? பொம்பளைங்க குரூப்ல மீசை எதுக்கு?" என்று கேட்டு, என் படத்தை எடுத்துவிட்டு ஒரு ரோஜாப்பூவை வைக்கச் சொன்னார்கள். பேரையும் மாற்றச் சொன்னார்கள். ஆகவே இன்றைய தேதியில் என் போனில் நான் 'ராஜாத்தி 19'. சவாரிக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம், "மேடம், ஆட்டோ எங்க வருது?" என்று கேட்கிறார்கள். மணலியிலிருந்து ஒருத்தன் ஒரு மாதம் முழுக்க, "குட்மார்னிங் மேடம், சாப்டீங்களா?" என்று அனுப்பிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் நேரில் என் வண்டியில் ஏறினான். இறங்குகிற வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை.

ஸ்டாண்டில் ஹபீபுல்லா தினமும் கேட்பான்: "இன்னா மாமு, ஹோம்வொர்க் முட்ச்சியா? இன்னிக்கு ரெட்ட சடையா, ஒத்த சடையா?"

இதற்கெல்லாம் காரணமான ராஜாத்தி அக்காவைப் பற்றித்தான் எழுத வந்தேன். என் வயிற்றெரிச்சலை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நியாயமாகச் சொல்ல முடியும்.

அக்கா எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி. நான் தரை. கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகன் வல்லரசு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், அங்கேயே குடும்பம். "என் வூடு எனக்கு கீது, நீ உன் வூட்ல இரு, பண்டிகைக்கு பாத்துக்கலாம்" என்று மகனிடம் சொல்லிவிட்டு அக்கா தனியாக இருக்கிறார்.

இருபத்தாறு வருஷம் எறா உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கை ஐஸ் தண்ணீரில் இருக்கும். தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை இழுத்துப் போட வேண்டும். ஒரு எறா முடிவதற்குள் அடுத்த எறா கையில் வந்துவிட வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் விரல் நுனியில் இருந்த ரேகையெல்லாம் அந்த ஓட்டோடு உரிந்து போய்விட்டது. ரேஷன் கடை மிசினில் விரல் வைத்தால் மிசின் ஒத்துக்கொள்ளாமல் கத்தும். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார்.

"இன்னா சொல்து உன் மிசினு?"

"நீங்க ராஜாத்தி இல்லன்னு சொல்துக்கா."

"அப்ப நான் யாருன்னு கேளு. அத்தயும் அதுவே சொல்லட்டும்."

கடைசியில் கருவிழி மிசினில் கண்ணைக் காட்டி அரிசி வாங்கிக்கொண்டு வருவார்.

வல்லரசு ஒரு தடவை டச் போன் வாங்கிக் கொடுத்தான். அக்கா விரலால் தொட்டால் அது அசையாது. அழுத்தித் தொட்டால் நாலு வேலையை ஒன்றாகச் செய்யும். மூக்கால் தொட்டுப் பார்த்ததில் ஒழுங்காக வேலை செய்தது. "ஒரு போன் பேசறதுக்கு மூக்க தேய்க்கணுமா? பாக்கறவன் எனக்கு மூள கொயம்பிச்சின்னு சொல்ல மாட்டான்?" என்று மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டன் போன் ஒன்று இடுப்புப் பையில் இருக்கிறது. அதில் வாட்ஸ்அப் கிடையாது.

மாடியிலிருந்து இறங்கி வந்தால் முதல் கதவு என்னுடையது. ஒரு நாள் காலையில் தட்டி, "டேய் பரசு, உன் போன்ல என்ன சேத்துடு" என்றார். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கச் சொல்கிற மாதிரி. அன்று சேர்ந்தவர்தான்.

அந்தக் குரூப் சும்மா அரட்டைக் குரூப் இல்லை. அதில் ஒரு வழக்கம் இருக்கிறது. தினமும் காலை ஆறரை மணிக்கு வருகைப் பதிவு. எடுப்பவர் பதினைந்தாம் நம்பர் பதுருன்னிசா. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வகுப்பில் டீச்சர் ஆனது அவர் ஒருத்தர்தான் என்பதால், கூடப் படித்தவர்களே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "வணக்கம் மாணவிகளே" என்று அவர் குரல் வந்ததும், அந்தக் காலத்து நம்பர் வரிசைப்படி ஒவ்வொருத்தராக, "உள்ளேன் டீச்சர்" என்று வாயால் சொல்லி அனுப்ப வேண்டும். முன்னால் இருப்பவர் சொல்லாமல் பின்னால் இருப்பவர் சொல்லக் கூடாது. எழுதி அனுப்பினால் செல்லாது, மருமகள் கூட எழுதிவிடலாம் இல்லையா? ஏழு மணிக்குக் கதவு சாத்தியாகிவிடும். வகுப்பில் மொத்தம் முப்பத்து நாலு பேர். செத்துப்போனவர்கள், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாதவர்கள் நம்பர் வரும்போது டீச்சர் சின்னதாக நிறுத்தி, "அடுத்து" என்பார். அவ்வளவுதான்.

இது விளையாட்டாக ஆரம்பிக்கவில்லை. ராயபுரத்தில் தனியாக இருக்கும் ஆறாம் நம்பர் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, இரண்டு நாள் அப்படியே கிடந்தார். சிலிண்டர் போட வந்தவர்தான் முனகல் கேட்டுக் கதவை உடைத்தார். அதற்குப் பிறகுதான் பதுருன்னிசா டீச்சர் இந்த ஏற்பாட்டைச் செய்தார். ஏழு மணிக்குள் ஒரு குரல் வரவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். நாலாம் நம்பர் ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டார். ஏழேகாலுக்கு அவர் வாசலில் மூன்று பேரும் பூட்டு உடைக்கிற ஆள் ஒருத்தனும் நின்றிருந்தார்கள்.

ஆகவே தினமும் ஆறேகாலுக்கு அக்கா படி இறங்கி வருவார். நான் பல் விளக்கியிருக்க மாட்டேன். என் பெண்சாதி மாயா, "போ, உன் கிளாசுக்கு டைமாச்சி" என்று போனை நீட்டுவாள். நான் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், அக்கா பேசுவார். அவருக்கு முன்னால் பதினெட்டாம் நம்பர், வியாசர்பாடி ரமாபாய். அந்தம்மா, "உள்ளேன் டீச்சர்" என்கிற இரண்டு வார்த்தைக்கு முன்னால் ராத்திரி கண்ட கனவை முழுசாகச் சொல்லும். கனவில் செத்துப்போன மாமியார் வராத நாளே இல்லை. அது முடிகிற வரைக்கும் பத்தொன்பது காத்திருக்க வேண்டும். பத்தொன்பதோடு நானும்.

இப்போது பதினோராம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கபுஷ்பம். திருவொற்றியூரில் மளிகைக் கடை, பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். அந்த வகுப்புக்கு அன்றைக்கும் லீடர், இன்றைக்கும் லீடர். நடுவில் தேர்தல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அக்காவுக்கும் தங்கபுஷ்பம் அம்மாவுக்கும் நடுவில் நாற்பத்தஞ்சு வருஷமாக ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது.

பத்தாவதில் அக்கா ஒரு நாள் கூட லீவு போடவில்லை. அவர் தெருவில் பெண் பிள்ளைகள் பாதி நாள் எறா கூடையோடு போய்விடுவார்கள். அக்கா அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டாவது பள்ளிக்கூடம் போய்விடுவார். முழு வருகைக்கு ஒரு பரிசு உண்டு, பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளர். அவர்கள் வீட்டில் அப்போது எவர்சில்வர் என்று ஒன்றுமே இல்லை. கடைசி வாரம். கணக்கு டீச்சருக்குத் தலைவலி. "ராஜாத்தி, போய் ஒரு டீ வாங்கிட்டு வா" என்று தூக்குப் பாத்திரத்தை அக்காவிடம் கொடுத்தார். வருகை எடுக்கச் சொல்லி ரெஜிஸ்டரை லீடரிடம் கொடுத்தார். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். டீக்கடையில் பால் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா தூக்கோடு திரும்பி வந்தபோது வருகைப் பதிவு முடிந்து ரெஜிஸ்டர் மூடியாகிவிட்டது.

"நான் டீ வாங்கத்தானடி போனேன்? நீயுந்தானே பாத்தே?"

"கூப்பிட்டப்போ நீ இல்ல. இல்லன்னா இல்லதான்."

டீச்சர் டீயைக் குடித்தார். அவருக்கு எதுவும் தெரியாது. மிச்சம் இருந்த ஒரே முழு வருகை லீடருடையது. டம்ளர் அவருக்குப் போனது.

இதற்காக இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிடவில்லை. தங்கபுஷ்பம் அம்மாவின் பெரிய பெண் பிரசவத்துக்கு அக்காதான் பத்து நாள் பத்தியச் சமையல் செய்து போட்டார். அக்கா கணவர் இறந்த அன்று முதலில் வந்து இறங்கியது தங்கபுஷ்பம் அம்மா, கூடவே ஒரு மூட்டை அரிசி. ஆனாலும் அந்த டம்ளர் இன்னும் இருக்கிறது. தங்கபுஷ்பம் அம்மா அதில்தான் காப்பி குடிப்பார். அக்கா போனால் அக்காவுக்கு வேறு டம்ளரில் வரும். வீட்டில் இருந்து இறங்கியதும் அக்கா ஆட்டோவில் ஏறி, "பாத்தியா, எயுத்து இன்னும் தேயல" என்பார். அது ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போல.

போன வருஷம் ஜனவரி முதல் தேதி தங்கபுஷ்பம் அம்மா குரூப்பில் அறிவித்தார்: "இந்த வருசம் முச்சூடும் ஒரு நாள் விடாம வருகை சொல்றவளுக்குப் பரிசு உண்டு. எவர்சில்வர் டம்ளர், பேர் வெட்டி." வருஷம் முடிந்ததும் வருகிற ஜனவரி முதல் ஞாயிறு, அவர் கடை மேலே மொட்டை மாடியில் எல்லாரும் கூட வேண்டும். பதினோரு மணிக்கு நேரில் ஒரு கடைசிப் பதிவு. அதற்கும் ஆள் இருந்தால்தான் கணக்கில் சேரும்.

அக்கா என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதை மூன்று தடவை கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பரசு, இந்த வருசம் நீ எங்கயும் போவக் கூடாது" என்றார்.

அதிலிருந்து என் பாடு ஆரம்பித்தது. மே மாதம் எனக்குக் காய்ச்சல். படுக்கையில் கிடந்த என் கட்டை விரலைப் பிடித்துப் போனில் வைத்து அழுத்தி, அக்கா வருகை சொன்னார். பொன்னேரியில் என் மச்சினிச்சி மகள் கல்யாணம். முந்தின நாளே போக வேண்டும் என்றதும் அக்காவும் ஒரு புடவையை மடித்து எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். பெண் வீட்டார் அவரைப் பையன் வீடு என்று நினைத்தார்கள், பையன் வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். இரண்டு வீட்டிலும் அவருக்கு நல்ல மரியாதை நடந்தது. காலையில் நாதஸ்வரக்காரரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, "உள்ளேன் டீச்சர்" என்றார். அக்டோபர் மழையில் எங்கள் பக்கம் தண்ணீர் நின்று டவர் போய்விட்டது. மொட்டை மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு தெரிந்தது. ஒரு குடையில் இரண்டு பேரும் நின்றோம். ரமாபாய் அம்மாவின் மாமியார் அன்று கனவில் படகு ஓட்டிக்கொண்டு வந்தார். அந்தப் படகு கரை சேருவதற்குள் நான் தொப்பலாக நனைந்துவிட்டேன்.

நவம்பர் முடிவதற்குள் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். ஒருத்தர் மகளைப் பார்க்க துபாய் போய் நேரம் குழம்பினார். ஒருத்தருக்குக் கண் ஆபரேஷன். விடாமல் மிச்சம் இருந்தது இரண்டே பேர். பதினொன்று, பத்தொன்பது.

டிசம்பர் மூன்றாவது ஞாயிறு. வருஷத்தில் முந்நூற்று ஐம்பத்தஞ்சாவது நாள். இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்கா என் வீட்டுக் காலண்டரில்தான் கோடு போட்டு வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் தங்கபுஷ்பம் அம்மா அக்காவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டார். "ஏட்டி ராஜாத்தி, நாளைக்கு மத்தியானம் சம்பந்தி வீட்டாளுக வாராவ. நல்ல எறாலா வேணும்ட்டி. நீ போய் எடுத்தாத்தான் சரியா இருக்கும், என்னைய ஏமாத்திருவானுவ." அக்காவுக்கு எறாவைப் பற்றி ஒருத்தர் கேட்டுவிட்டால் போதும். காலையில் அஞ்சு மணிக்கே காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அன்று சென்ட்ரலுக்கு ஒரு சவாரி, முன்கூட்டியே சொல்லி வைத்தது. ஒரு குடும்பமும் எட்டுப் பைகளும். அவர்களை இறக்கிவிட்டு ஆறரைக்குக் காசிமேடு வாசலில் போனோடு நிற்பதாகப் பேச்சு. நின்றிருப்பேன். ஆனால் அந்தக் குடும்பம் ஒரு பையை எர்ணாவூரிலேயே விட்டுவிட்டது. மாத்திரைப் பை. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று என்னைத் திரும்ப அனுப்பினார்கள். பையை எடுத்துக்கொண்டு வருகிற வழியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எனக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இடது பக்கம் கடல்.

ஆறு முப்பதுக்கு, "வணக்கம் மாணவிகளே" வந்தது. ஒன்று, இரண்டு, நாலு என்று வரிசையாகப் போனது. பதினொன்று டாணென்று சொன்னது. ஆறு ஐம்பத்திரண்டுக்கு ரமாபாய் அம்மாவின் மாமியார் வந்து போனார். அடுத்தது நான். அதாவது அக்கா. பட்டன் போனுக்கு மூன்று தடவை அடித்தேன். ஏலச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஐம்பத்தாறு ஆனது. "பத்தொன்பது?" என்றார் டீச்சர். ஐம்பத்தேழு. "பத்தொன்பது, எங்கே?"

முந்நூற்று ஐம்பத்து நாலு கோடு கண் முன்னால் ஓடியது. நான் என்ன செய்தேன் என்றால், தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டனை அழுத்தி, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. சரியாக நான் விரலை எடுக்கிற நேரத்தில் பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரனை அடித்து, "யோவ் ஆட்டோ, தூங்கிகினு கீறியா? எட்றா வண்டிய!" என்று கத்தினார். அதுவும் சேர்ந்தே போய்விட்டது.

பிறகு டீச்சர் குரல், மெதுவாக: "பத்தொன்பது, உனக்குச் சளி பிடிச்சிருக்கா, மீசை முளைச்சிருக்கா?"

அடுத்த நொடி தங்கபுஷ்பம் அம்மா: "இது ஆள்மாறாட்டம் டீச்சர். விதின்னா விதிதான். நான் யாருக்காவவும் பேச மாட்டேன்."

விதிப்படி ஏழேகாலுக்கு இருபத்திரண்டாம் நம்பரும் முப்பதாம் நம்பரும் எர்ணாவூர் வந்து, மூன்று மாடி ஏறி, பூட்டின கதவைத் தட்டிவிட்டு, அக்கா இறந்துவிட்டதாக முடிவு செய்து அழ ஆரம்பித்தார்கள். மாயாதான் அக்கா எறா வாங்கப் போயிருக்கிறார் என்று சொல்லித் தேற்றி அனுப்பினாள். யாருக்காக என்று அவளுக்குத் தெரியாது. முப்பதாம் நம்பருக்கு மூட்டு வலி. அந்த மூட்டு வலிக்கும் நான்தான் பொறுப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

அக்கா எறாவைத் திருவொற்றியூரில் சேர்த்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசினதைப் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"என் கொரலு இப்டியாடா கீது?"

"இல்லக்கா, அவசரத்துல..."

"ஆடு கத்தற மாரி கீது. ஆறு வருசமா கேக்கற, ஒரு வார்த்த ஒயுங்கா வரல உனுக்கு."

பிறகு காலண்டர் முன்னால் போய் நின்றார். அன்றைய கட்டத்தில் கோடு போடவில்லை. நான் பொறுக்க முடியாமல், "அக்கா, அந்தம்மா வேலையாத்தான நீ போன? குரூப்ல ஒரு வார்த்த சொல்லிடட்டுமா?" என்றேன்.

"நீ வாய தொறந்தே, கால முறிச்சிடுவேன். நான் எங்க இருந்தேன்னு அவளுக்கு தெரியும். அவ வாயால வரட்டும். அப்பவும் அவ வாயாலதான் வந்திருக்கணும்."

அதற்கப்புறம்தான் எனக்கு விளங்கியது. அவர் டம்ளருக்காக மட்டும் வருஷம் பூரா படி இறங்கவில்லை.

டீச்சர், தீர்ப்பு ஜனவரி முதல் ஞாயிறு என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை அக்கா நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்து யூனிபாரமும் நீலம்தானாம். கடை அன்று விடுமுறை. மேலே மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, நாற்காலிகளை நம்பர் வரிசைப்படி போட்டிருந்தார்கள். ஆறாம் நம்பர் வாக்கரோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் புது டம்ளர் பளபளத்தது. 'முழு வருகை' என்று வெட்டி, பேருக்கு இடம் காலியாக விட்டிருந்தது.

என்னை நடுவில் நிற்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு பெண்கள். என் கல்யாணத்தில் கூட என்னை இத்தனை பேர் ஒன்றாகப் பார்த்ததில்லை. பதுருன்னிசா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"எது வரைக்கும் படிச்சே?"

"அஞ்சாவது, டீச்சர்."

"அஞ்சாவது படிச்சவனுக்கு அடுத்தவங்க வருகையைச் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா?"

"பரிசு போயிடுமேன்னு..."

"பரிசை விடு. ராஜாத்தி அன்னிக்கு வீட்டுல விழுந்து கிடந்திருந்தா? நீ இங்கே உள்ளேன்னு சொல்லிட்டே, நாங்களும் இருக்கான்னு நினைச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பார்த்திருப்போம். அவ கிடந்திருப்பா. இவ கிடந்தாளே, அந்த மாதிரி." ஆறாம் நம்பரைக் காட்டினார்.

லாரி நடுவில் அது தோன்றவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். ஆறாம் நம்பர்தான், "விடு டீச்சர், அவன் மூஞ்சியைப் பாரு" என்றார்.

டீச்சர் அக்கா பக்கம் திரும்பினார். "சரி, நீ சொல்லு. ஆறரைக்கு எங்கே இருந்தே?"

"காசிமேட்ல."

"யாருக்கு எறா?"

அக்கா பதினோராம் நாற்காலியைப் பார்த்தார். சும்மா பார்த்தார், முறைக்கவில்லை. தங்கபுஷ்பம் அம்மா முந்தானையைச் சரி செய்தார். ஷாமியானாக் கம்பைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, முறிக்கப் போகிற காலை நினைத்து அடக்கினேன்.

"யாருக்கா இருந்தா என்ன டீச்சர்?" என்றார் தங்கபுஷ்பம் அம்மா கடைசியில். "கூப்பிட்டப்போ இல்ல. இல்லன்னா இல்லதான்."

டீச்சர் நோட்டில் எழுதினார். அந்த நாளுக்குப் பத்தொன்பது ஆப்சென்ட். ஆக, விடாமல் வந்தது பதினொன்று ஒருத்தர்தான். பதினோரு மணிக்கு நேரில் கடைசிப் பதிவு எடுத்து, டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்றார். அப்போது மணி பத்தே முக்கால்.

அக்கா முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு, ரொம்ப சாதாரணமாக, "புஷ்பா, தல வலிக்கிதுடி. ஒரு டீ இல்லியா?" என்றார்.

தங்கபுஷ்பம் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அந்த நேரத்தில் அக்கா கிணறு வெட்டச் சொல்லியிருந்தாலும் வெட்டியிருப்பார். "ஐயோ, பாலெல்லாம் பாயாசத்துல ஊத்திட்டனே. யாரையாச்சும் அனுப்பி..."

"யாரும் வாணாம். ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட கீறானே, இஞ்சி டீ. உன் கடையிலதான சக்கர எடுக்கறான்? நீ போய் நின்னாத்தான் ஒயுங்கா போடுவான். எல்லாருக்கும் சேத்தே வாங்கியாந்துடு. நம்ம பரசு வண்டி கீது."

"அதுக்கென்னட்டி, இந்தா போயிட்டு வந்திருதேன்." பெரிய பிளாஸ்க் இரண்டை எடுத்துக்கொண்டு தங்கபுஷ்பம் அம்மா விறுவிறுவென்று இறங்கினார். இரண்டு படிக்கு ஒரு தரம், "வந்திருதேன், வந்திருதேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

நானும் பின்னால் இறங்கப் போனேன். அக்கா எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பக்கம் டீச்சர் நோட்டைப் புதுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா என் காதுப் பக்கம் குனிந்தார்.

"பரசு, பெரிய மனுசிய இட்டுகினு போற, வண்டிய மெதுவா ஓட்டு. கேட்டு மூடி இருந்தா நின்னு போ. தொறந்து கீதுன்னா, மூட்ற வரைக்கும் நின்னு, அப்பால போ."